கவரில் வந்த செனட் பதவி: அமெரிக்காவை ஆள்வது மக்களா, மேல்தட்டா?

1899 ஜனவரி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத் தலைநகரான ஹெலினா. ஃப்ரெட் வைட்சைடு என்ற மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் அவையின் முன்னால் சில கவர்களை எடுத்து வைத்தார். உள்ளே முப்பது நோட்டுகள், ஒவ்வொன்றும் ஆயிரம் டாலர். வில்லியம் கிளார்க்குக்கு ஓட்டுப் போடச் சொல்லி உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணம் இது என்றார்.

கவர் என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தக் கவர் வாக்காளர் வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சட்டமன்ற உறுப்பினர் கைக்குப் போனது. அன்றைய அமெரிக்காவில் செனட்டரை, அதாவது நாடாளுமன்ற மேல்சபை உறுப்பினரை, தேர்ந்தெடுத்தவர்கள் மக்கள் இல்லை, மாநிலச் சட்டமன்றத்தார். ஊர் முழுக்கப் பணம் கொடுப்பதைவிட சில டஜன் பேருக்குக் கொடுப்பது செலவு குறைவு.

கிளார்க் பியூட் நகரத்துச் சுரங்கங்களில் கோடிகள் சேர்த்தவர். ‘செம்பு ராஜாக்கள்’ என்று அழைக்கப்பட்ட சிலரில் ஒருவர். செனட்டில் உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பரம எதிரி மார்கஸ் டாலியும் ஒரு செம்பு ராஜாதான். கவர் விவகாரமே டாலி ஆட்களின் ஏற்பாடு என்று கிளார்க் தரப்பு சாதித்தது. வேடிக்கை என்னவென்றால், கவர்கள் வெளியே வந்த அதே மாதக் கடைசியில் அதே சட்டமன்றம் கிளார்க்கையே செனட்டராகத் தேர்ந்தெடுத்தது.

வாஷிங்டனில் விசாரணை நடந்தது. இந்தத் தேர்வு செல்லாது என்று 1900-ல் செனட் குழு சொல்லிவிட்டது. முழு அவை ஓட்டெடுப்புக்குப் போகும் முன்பே கிளார்க் ராஜினாமா செய்தார். அப்போது மொன்டானா கவர்னரை ஏதோ காரணம் சொல்லி மாநிலத்துக்கு வெளியே அனுப்பி வைத்திருந்தார்கள். பொறுப்பிலிருந்த துணை கவர்னர், கிளார்க் ராஜினாமா செய்த இடத்துக்குக் கிளார்க்கையே நியமித்தார்! கவர்னர் அரக்கப்பரக்கத் திரும்பி வந்து வேறொருவரை நியமிக்க, கடைசியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஆனால் 1901-ல் புதிய சட்டமன்றம் கிளார்க்கை மறுபடி தேர்ந்தெடுத்தது. 1907 வரை அவர் செனட்டர்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ‘அமெரிக்காவில் உண்மையில் ஆள்வது யார்?’ என்று கேட்டால் இரண்டு ரெடிமேட் பதில்கள் வரும். உலகத்தின் தலைசிறந்த மக்களாட்சி என்பது ஒன்று. எல்லாம் பணக்காரன் கையில், தேர்தல் வெறும் நாடகம் என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறி பதில்கள் என்பது என் கருத்து. அந்த அரசாங்கம் பல கதவுகள் உள்ள வீடு. சில கதவுகள் மக்களுக்கென்று வைத்தவை. சில, மக்கள் நுழைந்துவிடக் கூடாதென்றே வைத்தவை. எந்த விஷயம் எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று பார்த்தால்தான் யார் ஜெயிக்கிறார்கள் என்பது புரியும்.

மேல்தட்டு என்ற சொல்லை வெறும் பணக்காரர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிவு எடுக்கப்படும் அறைக்குள் போக முடிகிறவர்கள் எல்லாரும் அதில் சேர்த்தி: பெரிய கம்பெனிகளின் தலைவர்கள், ராணுவத்தின் மேல்மட்டம், பெரிய வக்கீல்கள், முன்னாள் அமைச்சர்கள், அவர்களோடு நெருங்கிப் பழகுகிறவர்கள்.

சரி, கதவுகளை வைத்தது யார்? 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் கூடிய 55 பேர். வக்கீல்கள், வணிகர்கள், அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள். கூட்டம் ரகசியம். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்று விதியே போட்டுக்கொண்டார்கள். அங்கே நடந்தது பெரும்பாலும் ஜேம்ஸ் மேடிசன் எடுத்து வைத்த குறிப்புகளால்தான் நமக்குத் தெரிகிறது.

அவர்கள் மனதில் ஒரு பயம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மேற்கு மாசசூசெட்ஸில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். பலர் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்கள். ஊருக்குத் திரும்பினால் கடனும் வரியும் காத்திருந்தன. கடனுக்காக நிலத்தைப் பிடுங்கும் நீதிமன்றங்களை நடக்க விடாமல் தடுத்தார்கள். டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் கேப்டன் அவர்களில் ஒரு தலைவர். 1787 ஜனவரியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நோக்கியே போனார்கள். அடக்கப் போன படைக்கான செலவைப் பாஸ்டன் வணிகர்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். கடன் கொடுத்தவர்களே படைக்கும் காசு கொடுத்தார்கள் என்று இதைப் படித்தால் தப்பில்லை.

நான்கே மாதத்தில் ஃபிலடெல்ஃபியா கூட்டம் தொடங்கியது. அதில் மாசசூசெட்ஸ் பிரதிநிதி எல்பிரிட்ஜ் கெர்ரி, நாம் படும் தொல்லைகளுக்கெல்லாம் காரணம் மக்களாட்சி அளவுக்கு மீறிப் போனதுதான் என்றார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மக்களிடம் விடுவது கண் தெரியாதவரிடம் நிறம் பார்க்கச் சொல்வது மாதிரி என்றார். அதே மேசன்தான், ஒரு சபையையாவது மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் வாதாடினார். அதனால் இவர்களை மக்கள் விரோதிகள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. மன்னராட்சியை இப்போதுதான் விரட்டியிருந்தார்கள், அது திரும்ப வரக் கூடாது. கும்பலும் ஆளக் கூடாது. இரண்டு பயத்துக்கும் நடுவே ஒரு அமைப்பைக் கட்டினார்கள்.

கட்டியது இப்படி. பிரதிநிதிகள் சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பார்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. செனட்டை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கும், ஆறு வருடப் பதவி. அதிபரைத் தேர்வாளர்கள் என்ற தனிக்குழு தேர்ந்தெடுக்கும். நீதிபதிகளை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புக்கொள்ளும், அவர்களுக்குப் பதவி ஆயுள் முழுக்க. ஒரு சட்டம் நடைமுறைக்கு வர இத்தனை கதவுகளையும் தாண்ட வேண்டும். மக்கள் கோபம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒரே தேர்தலில் எல்லாக் கதவையும் தள்ளித் திறக்க முடியாது. மக்களுக்கென்று விட்ட அந்த ஒரு கதவிலும், பெரும்பாலான மாநிலங்களில், சொத்து வைத்திருந்த அல்லது வரி கட்டிய வெள்ளை ஆண்கள்தான் நுழைய முடிந்தது.

மேடிசன் இதற்குச் சொன்ன நியாயம் யோசிக்க வைப்பது. சமூகத்தில் கட்சி கட்டிச் சண்டை வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், சொத்து சமமாகப் பிரிந்திருக்கவில்லை என்பதே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். அதற்கு அவர் கண்ட மருந்து சொத்தைப் பிரிப்பது அல்ல, நாட்டைப் பெரிதாக்குவது. பெரிய நாட்டில் இத்தனை விதமான ஆட்கள் இருக்கும்போது, ஒரே எண்ணமுள்ள பெரும்பான்மை ஒன்று திரண்டு சிறுபான்மையை நசுக்குவது கடினம் என்றார். அவர் சொன்ன சிறுபான்மையில் கடன் கொடுத்தவர்களும் சொத்துக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சொத்து நிபந்தனை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய ஒழிந்தது. 1870-ல் இனம் பார்த்து ஓட்டுரிமை மறுக்கக் கூடாது என்ற திருத்தம் வந்தது. 1920-ல் பெண்கள், 1971-ல் 18 வயது. கிளார்க் மாதிரி ஆட்கள் நாறடித்த செனட் தேர்வும் 1913-ல் நேரடியாக மக்களிடம் வந்தது. அதற்குக் கவர் மட்டும் காரணமில்லை. சட்டமன்றங்களில் இழுபறி நடந்து செனட் இடங்கள் காலியாகவே கிடந்ததும் ஒரு காரணம். 1901 முதல் 1903 வரை டெலவேர் மாநிலத்துக்கு ஒரு செனட்டர்கூட இல்லை.

திறக்காத கதவுகளும் உண்டு. 2020 கணக்கெடுப்பில் கலிபோர்னியாவின் மக்கள்தொகை சுமார் 3.95 கோடி, வயோமிங்கில் 5.77 லட்சம். இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள். ஒரு வயோமிங்காரரின் குரல் செனட்டில் கிட்டத்தட்ட 68 கலிபோர்னியாக்காரர்களின் குரலுக்குச் சமம். போதாக்குறைக்கு, செனட்டில் பெரும்பாலான மசோதாக்களுக்கு விவாதத்தை முடித்து வைக்கவே 100-ல் 60 பேர் வேண்டும். இது அரசியலமைப்பில் இல்லை, செனட் தானாக வைத்துக்கொண்ட விதி. அதிபர் தேர்தலில் 538 தேர்வாளர் ஓட்டுகளில் 270 வாங்குகிறவர் ஜெயிப்பார், மக்களின் மொத்த ஓட்டு யாருக்கு அதிகம் என்பது கணக்கில்லை. அதனால்தான் 2000-ல் அல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள் கூடுதலாக வாங்கியும், 2016-ல் ஹிலாரி கிளின்டன் கிட்டத்தட்ட 29 லட்சம் கூடுதலாக வாங்கியும் தோற்றார்கள்.

இதுவரை பார்த்தது சட்டப் புத்தகத்தில் இருக்கும் கதவுகள். பணமும் செல்வாக்கும் வேலை செய்யும் விதம் வேறு. இதில் அறிஞர்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு.

சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1950-களில் சொன்னது இது: பெரிய கம்பெனிகள், ராணுவ உச்சி, அரசின் மேல்மட்டம் மூன்றிலும் இருப்பவர்கள் ஒரே வட்டம். ஒரே மாதிரிப் பள்ளிகளில் படித்து, ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்பவர்கள். போரா சமாதானமா மாதிரி பெரிய முடிவுகள் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. தேர்தல் அரசியல் அதற்குக் கீழே நடக்கும் நடுத்தட்டுச் சமாச்சாரம். (1961-ல் அதிபர் பதவிக்காலம் முடிந்து விடைபெறும்போது ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்த கூட்டின் செல்வாக்கைப் பற்றி நாட்டை எச்சரித்தவர் ஐசனோவர். ஐந்து நட்சத்திர ஜெனரலாக இருந்தவர் வாயிலிருந்து அது வந்தது.)

யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டால் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் நியூ ஹேவன் நகரத்தை எடுத்துக்கொண்டார். நகரப் புனரமைப்பு, பள்ளிகள், கட்சி வேட்பாளர் தேர்வு என்ற மூன்று விஷயங்களில் யார் பேச்சு எடுபட்டது என்று தேடிப் பார்த்தார். மூன்றிலும் ஜெயித்தது ஒரே கும்பல் இல்லை. அதனால் அதிகாரம் சிதறிக் கிடக்கிறது, குழுக்கள் மோதி மோதி முடிவு பிறக்கிறது என்றார்.

டாலுக்கு வந்த பதில்தான் எனக்குப் பிடித்தது. 1962-ல் பாக்ராக், பாரட்ஸ் என்ற இருவர் கேட்டது இது: மேசைக்கு வந்த விஷயங்களில் யார் ஜெயித்தார் என்று பார்த்தீர்கள், சரி. மேசைக்கே வராமல் தடுக்கப்பட்ட விஷயங்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?

இதை மருந்து விலையில் வைத்துப் பார்த்தால் புரியும். 65 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. 2003-ல் அதில் மருந்துச் செலவையும் சேர்த்தார்கள். முதியோருக்கு நல்ல விஷயம். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு வரி உட்கார்ந்திருந்தது: மருந்துக் கம்பெனிகளோடு அரசு விலை பேரம் பேசக் கூடாது. கோடிக்கணக்கான பேருக்கு மருந்து வாங்குகிறவர் விலை கேட்கக் கூடாது என்றால் எப்படி? காய்கறிக் கடையில்கூட நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். முன்னாள் ராணுவத்தினருக்கான துறை அதற்கு முன்பிருந்தே பேரம் பேசித்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

அந்த மசோதா பிரதிநிதிகள் சபையில் ஓட்டுக்கு வந்தது விடிகாலை மூன்று மணிக்கு. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடிகிற ஓட்டெடுப்பை, எண்ணிக்கை சாதகமாக இல்லை என்பதால், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் திறந்தே வைத்திருந்து ஆட்களை மனம் மாற்றினார்கள். 220-க்கு 215. மசோதாவை நடத்திச் சென்ற முக்கியக் குழுத் தலைவர்களில் ஒருவர் பில்லி டாசின். 2005 ஜனவரியில் அவர் மருந்துக் கம்பெனிகள் சங்கத்தின் தலைமைப் பதவியில் போய் உட்கார்ந்தார். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. கிளார்க் காலத்துக் கவர் இங்கே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கருத்துக் கணிப்புகளில் இரண்டு கட்சிக்காரர்களிலும் பெரும்பான்மை, அரசு பேரம் பேசட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வரி மாற 19 வருடம் ஆனது. 2022 ஆகஸ்டில், 60 ஓட்டு தேவைப்படாத பட்ஜெட் வழியாகக் கொண்டு வந்து, செனட்டில் 50-க்கு 50 சமமாகி, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டால் தாண்டியது. அதுவும் முதல் சுற்றில் பத்து மருந்துகளுக்குத்தான், புதிய விலை 2026-ல்தான். இதில் மக்கள் தோற்றார்களா, ஜெயித்தார்களா? முதியோருக்குக் கோபம் இருந்தது, ஓட்டும் இருந்தது. கம்பெனிகளுக்கு அந்த ஒரு வரியைக் காவல் காப்பதே முழுநேர வேலையாக இருந்தது. சராசரி மனிதருக்குச் சோறு, வேலை, பிள்ளை படிப்பு என்று நூறு கவலை. மேல்தட்டின் பலம் ரகசிய சதியில் இல்லை, இந்த முழுநேரத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆய்வாளர்கள் மார்ட்டின் கிலென்ஸும் பெஞ்சமின் பேஜும் 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துப் பார்த்து 2014-ல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: வசதியானவர்களும் சாதாரணமானவர்களும் வேறு வேறு கேட்கும்போது, சாதாரணமானவர்களின் விருப்பத்துக்குத் தனியாக எடை இருப்பதாகத் தெரியவில்லை. இதற்கு மறுப்பும் வந்தது. பெரும்பாலான விஷயங்களில் இரண்டு தரப்பும் ஒரே பக்கம்தான் நிற்கின்றன, வேறுபடுவது கொஞ்சம்தான் என்றார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்காவிட்டால் கதை கோணலாகிவிடும். மக்கள் சொன்னபடி எல்லாம் நடந்தால் நியாயம் நடந்துவிடுமா? 1828-ல் சாமானியரின் நாயகனாக ஜெயித்து வந்தவர் ஆண்ட்ரூ ஜாக்சன். பணக்காரர்கள் அரசாங்கத்தைத் தங்கள் சுயநலத்துக்கு வளைக்கிறார்கள் என்று சொல்லித் தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை நிராகரித்தவர். அவரே அடிமைகளை வைத்திருந்தார். பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலிருந்து அப்புறப்படுத்தும் 1830 சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அவர் சொன்ன ‘மக்கள்’ யார் என்பது அதிலேயே தெரியும்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். 1967-ல் கறுப்பர், வெள்ளையர் கலப்புத் திருமணத்தைத் தடை செய்த மாநிலச் சட்டங்களை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அடுத்த வருடக் கணிப்பில்கூட அமெரிக்கர்களில் பத்தில் ஏழு பேர் அப்படிப்பட்ட திருமணத்தை ஏற்கவில்லை. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒன்பது பேர், பெரும்பான்மைக்கு எதிராக நின்று செய்த வேலை அது. ஆனால் மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் பதிவு 7 சதவீதத்துக்கும் கீழே கிடந்ததை 1967-க்குள் 60 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனது 1965 வாக்குரிமைச் சட்டம். தெருவில் அடி வாங்கிய மக்கள், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தை நிறைவேற்ற வைத்த சட்டம் அது. அதன் முக்கியமான ஒரு பகுதியை 2013-ல் செயலிழக்கச் செய்தது அதே உச்ச நீதிமன்றம். ஒரே கதவு, வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்களுக்குத் திறக்கிறது.

கெர்ரி மறுபடி வருவார் என்றேன். 1812-ல் அவர் மாசசூசெட்ஸ் கவர்னர். தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வளைத்துப் போட்ட மசோதாவில் கையெழுத்திட்டார். ஒரு தொகுதி வரைபடத்தில் சாலமாண்டர் என்ற பல்லி மாதிரிப் பிராணி போலவே இருந்தது. பத்திரிகைகள் கெர்ரியையும் சாலமாண்டரையும் ஒட்டி ‘ஜெரிமேண்டர்’ என்று பெயர் வைத்தன. வாக்காளர் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில், தலைவர் வாக்காளரைத் தேர்ந்தெடுக்கும் வித்தை. கட்சி ஆதாயத்துக்காக இப்படிச் செய்வதை மத்திய நீதிமன்றங்கள் தடுக்க முடியாது என்று 2019-ல் தீர்ப்பே வந்துவிட்டது. மிச்சிகன் மக்கள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஃபேஸ்புக்கில் ஒரு இளம்பெண் போட்ட பதிவில் தொடங்கி, தொண்டர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து வாங்கி, 2018-ல் எல்லை வரையும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பிடுங்கி ஒரு குடிமக்கள் குழுவிடம் கொடுத்தார்கள்.

மக்களே சட்டத்தை முன்மொழிந்து ஓட்டுப் போட்டு நிறைவேற்றும் இந்த வழி 1898-ல் தெற்கு டகோட்டாவில் தொடங்கியது. கலிபோர்னியா 1911-ல் இதை எடுத்துக்கொண்டது, அன்றைக்கு மாநிலத்தையே ஆட்டிவைத்த ரயில்வே கம்பெனியின் பிடியை உடைக்க. 2020-ல் அதே கலிபோர்னியாவில் ஊபர், லிஃப்ட் போன்ற செயலிக் கம்பெனிகள் 20 கோடி டாலர் அளவுக்குச் செலவு செய்து, தங்கள் ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருத வேண்டாம் என்ற சட்டத்தை இதே வழியில் ஜெயித்துக் காட்டின. மக்களுக்கென்று வெட்டிய கதவில் யார் முதலில் வந்து நிற்கிறார்கள் பாருங்கள்.

மொன்டானாவுக்குத் திரும்புவோம். கிளார்க் பதவி முடிந்து ஐந்தாவது வருடம், 1912-ல், மொன்டானா வாக்காளர்கள் இந்த நேரடி வழியில் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள்: தேர்தலில் கம்பெனிகள் பணம் செலவு செய்யக் கூடாது. நூறு வருடம் அது நின்றது. 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தேர்தலில் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கூட்டுச் சேராமல் தனியாகச் செய்யும் செலவுக்கு வரம்பு போட முடியாது, அது பேச்சுரிமை என்றது. எங்கள் செம்பு ராஜாக்களின் வரலாறே வேறு, எங்களுக்கு இந்தச் சட்டம் தேவை என்று மொன்டானா நீதிமன்றம் வாதாடிப் பார்த்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் வாய்வாதம்கூடக் கேட்காமல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, அதே ஐந்துக்கு நான்கு.

அந்த நவம்பரில் மொன்டானா மக்கள் மறுபடி ஓட்டுப் போட்டார்கள். கம்பெனிகளுக்கு மனிதர்களின் உரிமை கிடையாது என்று அரசியலமைப்பைத் திருத்தப் பாடுபடும்படி தங்கள் பிரதிநிதிகளுக்குச் சொல்லும் தீர்மானம் அது. நான்கில் மூன்று பங்குப் பேர் ஆதரித்தார்கள். அப்படி ஒரு திருத்தம் வழக்கமான வழியில் வர வேண்டுமானால் காங்கிரஸின் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அப்புறம் 38 மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தம் இன்னும் காங்கிரஸையே தாண்டவில்லை.